ஒன்பதடி தள்ளி உட்கார்ந்தால் 4கே தெரியுமா?

கேள்வி: ஒன்பது வருஷமாக ஓடிய எங்கள் 32 அங்குல டிவி போன மாதம் நின்றுவிட்டது. சத்தம் வருகிறது, படம் வரவில்லை. பழைய டிவிக்கு ஏன் செலவு செய்ய வேண்டும், புதிது வாங்கிவிடலாம் என்று கடைக்குப் போனோம். 43 அங்குல ஃபுல் ஹெச்டி 22,000 ரூபாய், அதே 43இல் 4கே 29,000, 55 அங்குல 4கே 41,000 என்றார்கள். நாங்கள் ஒதுக்கி வைத்திருப்பது 35,000. “இப்ப யாரும்மா ஃபுல் ஹெச்டி வாங்குறாங்க” என்கிறார் கடைக்காரர். இன்ஜினியரிங் படிக்கும் மகன் 4கே இல்லாவிட்டால் டிவியே வேண்டாம் என்கிறான். ஏழாயிரம் கூடக் கொடுத்தால் கண்ணுக்கு என்ன தெரியப்போகிறது என்று கேட்கிறார் என் வீட்டுக்காரர். ஹாலில் டிவி மாட்டும் சுவருக்கும் சோபாவுக்கும் நடுவே ஒன்பதடி. கேபிளில் எஸ்டி பேக்தான். மாமாவுக்கு 74 வயது. செய்தியும் சீரியலும் பார்ப்பார், கீழே ஓடும் எழுத்தைப் படிக்க முடியவில்லை என்பார். மகனுக்குக் கிரிக்கெட், லேப்டாப்பைச் சொருகி கேம். எனக்கு ராத்திரி ஒரு படம். 4கேக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா? 8கே வேறு வந்துவிட்டதாமே, இப்போது வாங்கினால் சீக்கிரம் பழசாகிவிடுமா?
ஓர் ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உதவிய சொல் ‘ஒன்பதடி’. முப்பது வருஷமாக டிவி பழுது பார்க்கிறேன். எந்த டிவி வாங்கலாம் என்று கேட்பவர்கள் கம்பெனி பெயரைச் சொல்வார்கள், விலையைச் சொல்வார்கள். எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்பதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். நீங்களே அளந்து எழுதிவிட்டீர்கள். 4கே உங்களுக்குப் பயன்படுமா என்பதற்குப் பாதி விடை அந்த அளவில் இருக்கிறது. மறுபாதி உங்கள் கேபிள் பெட்டியில் இருக்கிறது.

முதலில் கடைக்காரர் சொல்வதில் உள்ள உண்மையை ஒப்புக்கொண்டுவிடலாம். ஃபுல் ஹெச்டி திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். மொத்தம் 20 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். 4கே திரையில் குறுக்கே 3840, நெடுக்கே 2160. ஏறத்தாழ 83 லட்சம். நான்கு மடங்கு என்று அவர் சொல்லியிருந்தால் அது சரியான கணக்கு. ஆனால் 43 அங்குலத் திரையின் அகலம் 95 சென்டிமீட்டர்தான். அதற்குள் 1920 புள்ளிகளை அடுக்கினால் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். 3840 புள்ளிகளை அடுக்கினால் கால் மில்லிமீட்டர். நீங்கள் 7,000 ரூபாய் கொடுத்து வாங்கப்போவது அந்த அரைக்கும் காலுக்கும் உள்ள வித்தியாசத்தை. ஒன்பதடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போது அது உங்கள் கண்ணுக்குப் பிடிபடுமா என்பதுதான் உங்கள் வீட்டுக்காரரின் கேள்வி. நல்ல கேள்வி அது.

இதற்குப் பதில் எங்கள் தொழிலில் இல்லை, கண் டாக்டரிடம் இருக்கிறது. கண் ஆஸ்பத்திரிச் சுவரில் மேலே பெரிய எழுத்தும் கீழே போகப்போகச் சின்ன எழுத்துமாக ஓர் அட்டை தொங்குமே, அது நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்நெல்லன் என்ற கண் மருத்துவர் 1862இல் வகுத்த முறை. ஆறு மீட்டர் தள்ளி நின்று 6/6 வரியைப் படித்துவிட்டால் பார்வை சரியாக இருக்கிறது என்பார்கள். அந்த வரியில் ஓர் எழுத்தின் உயரம் 9 மில்லிமீட்டருக்கும் குறைவு. எழுத்திலுள்ள ஒரு கோட்டின் தடிமன் ஒன்றே முக்கால் மில்லிமீட்டர். ஆறு மீட்டர் தூரத்தில் நல்ல கண் பிரித்துப் பார்க்கும் எல்லை அவ்வளவுதான். இதே விகிதத்தில் கணக்குப் போட்டால், அரை மில்லிமீட்டர் புள்ளியைத் தனியாகப் பிரித்துப் பார்க்க 1.7 மீட்டருக்குள், அதாவது ஐந்தரை அடிக்குள் உட்கார வேண்டும். அதற்கு அப்பால் போனால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அரை மில்லிமீட்டரே கலந்துபோகிற ஒன்பதடி தூரத்தில் கால் மில்லிமீட்டர் எங்கே தெரியப்போகிறது?

கணக்கை நம்ப வேண்டாம், வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளில் ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஒரு கறுப்புக் கோடு போடுங்கள். கோடு அரை மில்லிமீட்டர், நடுவில் உள்ள வெள்ளை அரை மில்லிமீட்டர் என்று வர வேண்டும். கூர்மையான கறுப்புப் பேனாவாக இருந்தால் ஏறத்தாழ அப்படி வரும். முப்பது நாற்பது கோடுகள் போதும். 43 அங்குல ஃபுல் ஹெச்டி டிவியில் புள்ளிகள் கறுப்பு வெள்ளை கறுப்பு வெள்ளையாக இருந்தால் எப்படி இருக்குமோ அதுதான் இந்தத் தாள். டிவி மாட்டும் இடத்தில் இதை ஒட்டி, நல்ல வெளிச்சத்தில், கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொண்டு, சோபாவில் உட்கார்ந்து பாருங்கள். கோடு கோடாகத் தெரிந்தால் உங்கள் மகன் ஜெயித்தான். ஒரே சாம்பல் பட்டையாகத் தெரிந்தால், அந்த இடத்தில் உட்காருகிறவருக்கு 43 அங்குலத்தில் 4கே எதையும் கூடுதலாகக் காட்டாது. பிறகு எழுந்து மெதுவாக முன்னால் நடந்து வாருங்கள். எந்த இடத்தில் கோடுகள் பிரிகின்றனவோ அங்கே சாக்பீஸால் ஒரு குறி போடுங்கள். வீட்டில் நால்வருக்கும் நான்கு குறி விழும். மகனின் குறி உங்கள் குறியைவிடப் பின்னால் இருக்கலாம். 6/6 என்பது கண்ணின் உச்சமல்ல, இளம் வயதில் பலருக்கு அதைவிடக் கூர்மையாகவே தெரியும். ஆனாலும் அவன் குறி சோபாவை எட்டினால் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

மற்ற அளவுகளுக்கும் கணக்கு வேண்டுமென்றால், திரையின் அங்குலத்தை 0.13ஆல் பெருக்குங்கள். வருகிற அடிக்குள் உட்கார்ந்தால்தான் அந்த அளவில் ஃபுல் ஹெச்டியின் புள்ளிகள் தெரியத் தொடங்கும், 4கேக்கு வேலை வரும். 55க்கு ஏழடி. 65க்கு எட்டரை அடி. உங்கள் சோபாவிலிருந்து பார்க்கும்போது 65 அங்குலம்கூட எல்லைக்குச் சற்று வெளியேதான் நிற்கிறது.

ஷோரூமில் பார்த்தபோது அவ்வளவு பளிச்சென்று வித்தியாசம் தெரிந்ததே என்று கேட்பீர்கள். தெரிந்திருக்கும். அங்கே நீங்கள் நின்றது மூன்றடி தூரத்தில். ஓடியது டிவி கம்பெனியே படம்பிடித்துக் கொடுத்த டெமோ: பூ, கிளி, தேன் வடிகிற காட்சி, எதுவும் வேகமாக நகராது. பிரகாசமும் நிறமும் உச்சத்தில் வைக்கப்பட்டிருக்கும். அடுத்த முறை போகும்போது டிவிக்கு முன்னால் ஒன்பதடி அளந்து பின்னால் வந்து நில்லுங்கள். டெமோவை நிறுத்திவிட்டு, மாமா பார்க்கும் செய்தி சேனலைப் போடச் சொல்லுங்கள். கேபிள் இணைப்பு இல்லை என்றால் உங்கள் செல்போனில் பார்க்கும் சாதாரண வீடியோ ஒன்றை யூடியூபில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதைப் பார்த்து முடிவெடுங்கள்.

இனி கேபிள் பெட்டி. எஸ்டி பேக் என்று எழுதியிருக்கிறீர்கள். எஸ்டி படத்தில் குறுக்கே 720, நெடுக்கே 576 புள்ளிகள். மொத்தம் 4 லட்சத்துச் சொச்சம். இதை 83 லட்சம் புள்ளியுள்ள 4கே திரையில் போட்டால், இருபது புள்ளிக்கு ஒரு புள்ளிக்குத்தான் சேனலிலிருந்து சரக்கு வருகிறது. மீதிப் பத்தொன்பதையும் டிவிக்குள் இருக்கும் சிப் பக்கத்துப் புள்ளியைப் பார்த்து இட்டு நிரப்ப வேண்டும். நல்ல சிப் நன்றாக நிரப்பும். மலிவான டிவியில் முகமெல்லாம் மெழுகு பூசியது போலவும், எழுத்தின் ஓரங்கள் கொதிப்பது போலவும் தெரியும். புது 4கே டிவி வாங்கியவர்கள் எனக்குப் போன் செய்து, “பழைய டிவியே பரவாயில்லை, இதில் சீரியல் பார்க்கவே முடியவில்லை, பேனல் கோளாறா பாருங்கள்” என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. பேனலில் ஒரு கோளாறும் இருக்காது. 32 அங்குலத்தில் மறைந்திருந்த சேனலின் தரக்குறைவு 55 அங்குலத்தில் வெளியே வந்திருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் நிறைய வீடுகளில் பார்க்கிறேன். ஹெச்டி பேக்குக்கு மாதாமாதம் பணம் கட்டுவார்கள், பெட்டியும் ஹெச்டி பெட்டியாக இருக்கும். பின்னால் போய்ப் பார்த்தால் பழைய டிவியிலிருந்து கழற்றிய மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி ஒயரையே சொருகியிருப்பார்கள். அந்த ஒயர் வழியாக ஹெச்டி வராது. ஒரு வீட்டில் மூன்று வருஷம் இப்படியே பார்த்திருந்தார்கள். ஹெச்டிஎம்ஐ கேபிள் ஒன்றை மாற்றி, பெட்டியின் செட்டிங்ஸில் 576 என்று இருந்ததை 1080 ஆக்கிவிட்டு வந்தேன். அந்த வீட்டுப் பாட்டி டிவி மாறிவிட்டதா என்று கேட்டார். பாட்டி சந்தோஷப்பட்டதில் எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் அந்த மூன்று வருஷக் கட்டணத்தை நினைத்து மனசு கஷ்டப்பட்டது. அதனால்தான் சொல்கிறேன், எந்த டிவி வாங்கினாலும் சரி, நீங்கள் பார்க்கிற சேனல்களில் எவை ஹெச்டியில் கிடைக்கின்றன என்று கேபிள்காரரிடம் கேட்டு அவற்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். எஸ்டியிலிருந்து ஹெச்டிக்குப் போகும் வித்தியாசம் ஒன்பதடி தூரத்தில் எல்லோருக்கும் தெரியும். ஹெச்டியிலிருந்து 4கேக்குப் போவது அப்படி இல்லை. கேபிளில் வரும் ஹெச்டி சேனல்களே 1080 வரிசைதான்; 4கே டிவி வாங்கினாலும் அந்தச் சேனல்கள் 4கே ஆகிவிடாது.

நீங்கள் ராத்திரி படம் பார்ப்பவர் என்பதால் ஒன்று சொல்கிறேன். தியேட்டரில் நாம் மெய்மறந்து பார்த்த படங்களில் ஏராளமானவை 2கே ப்ரொஜெக்டரில் ஓடியவை. சினிமாவில் 2கே என்றால் குறுக்கே 2048, நெடுக்கே 1080 புள்ளி. உங்கள் வீட்டு ஃபுல் ஹெச்டியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதை நாற்பது அடித் திரையில் பார்த்துவிட்டு யாரும் தெளிவில்லை என்று எழுந்து வரவில்லை. யூடியூபில் பழைய பாட்டுக்கு மேல் 4கே என்று போட்டிருப்பதிலும் பெரும்பகுதி பழைய வீடியோவைச் சாப்ட்வேரில் ஊதிப் பெரிதாக்கியதுதான். நெகட்டிவை எடுத்துப் புதிதாக ஸ்கேன் செய்தவை தனி. அவற்றைப் பார்த்தால் துணியின் நெசவுகூடத் தெரியும், ஆனால் அவை குறைவு. ஓடிடியில் உண்மையான 4கே படங்கள் இருக்கின்றன. நெட்ஃபிளிக்ஸில் அதற்கு மேல் கட்டணத் திட்டம் எடுக்க வேண்டும். ஃபுல் ஹெச்டிக்கு 5 எம்பிபிஎஸ் வேகம் போதும் என்று சொல்லும் அவர்களே 4கேக்கு 15 எம்பிபிஎஸ் கேட்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரை இழுக்கும். இந்தச் செலவையும் அந்த 7,000த்தோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

சரி, அப்படியானால் ஒரு படம் அழகாகத் தெரிவது எதனால்? என் அனுபவத்தில் முதலில் கறுப்பு. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கும்போது, படத்தில் வரும் இருட்டு இருட்டாக இருக்கிறதா, சாம்பல் பூத்து நீலமாகத் தெரிகிறதா என்பதை ஒன்பதடி என்ன, இருபதடியிலிருந்தும் கண் கண்டுபிடித்துவிடும். எல்இடி டிவி பேனலில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு ரகம் உண்டு. விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் நிறம் வெளிறும். ஐபிஎஸ் பேனலில் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் நிற்கும், இருட்டு அவ்வளவு இருட்டாக இருக்காது. உங்கள் ஹாலில் எல்லோரும் சோபாவில் நேர் எதிரே உட்காருகிறீர்கள் என்றால் விஏ. மாமாவின் நாற்காலி ஓரத்தில் சாய்வாக இருக்கிறது என்றால் ஐபிஎஸ். கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்கலாம். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து மகனைத் தேடச் சொல்லுங்கள், அவனுக்கு ஐந்து நிமிட வேலை. ஹெச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் அழுத்தமாகக் காட்டும் முறை) என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம். ஹெச்டிஆர் படங்களைப் பெரும்பாலும் 1000 நிட்ஸ் பிரகாசத்துக்குத் தயாரிக்கிறார்கள். உங்கள் விலையில் கிடைக்கும் டிவிகள் 250, 300 நிட்ஸ்தான் கொடுக்கும். படத்தை அது வாங்கிக்கொள்ளும், காட்டும் தெம்பு இருக்காது.

29,000 ரூபாய் டிவியின் பக்கமும் நியாயம் பேச வேண்டும். சில மாடல்களில் 4கேக்குப் போகும்போது ரேம், சிப், ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்து ஒரு படி ஏறும். ஒரு ஜிபி ரேம் உள்ள டிவியில் இரண்டு வருஷம் கழித்து ஒவ்வொரு ஆப்பும் திறக்க அரை நிமிஷம் ஆகும். அந்த எரிச்சல் தினமும் இருக்கும். ஆகவே கடையில், “புள்ளியைத் தவிர இந்த ஏழாயிரத்துக்கு வேறு என்ன கிடைக்கிறது?” என்று கேளுங்கள். ரேம் 2 ஜிபி, நல்ல பேனல், மூன்று ஹெச்டிஎம்ஐ என்று உருப்படியாக ஏதாவது சொன்னால் யோசிக்கலாம். 4கே என்பதை மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னால் அந்தப் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

மகனின் விஷயம் வேறு. கிரிக்கெட்டுக்காக 4கே வேண்டும் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, ஒரு விநாடியை ஐம்பதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நேரத்துக்குள் முக்கால் மீட்டர் கடந்துவிடும். நகர்கிற பொருளின் தெளிவைத் தீர்மானிப்பது கேமரா விநாடிக்கு எத்தனை படம் எடுக்கிறது, பேனல் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பதுதான். புள்ளி எண்ணிக்கை அங்கே அதிகம் உதவாது. 2023 ஐபிஎல்லை ஜியோசினிமா 4கேயில் காட்டியது. இடைவேளையில் மைதானத்தைக் காட்டும்போது புல் தனித்தனியாகத் தெரியும். பந்து ஓடத் தொடங்கியதும் அது அடங்கிவிடும்.

லேப்டாப்பைச் சொருகுகிறான் என்றீர்களே, அங்கேதான் அவன் பக்கம் பலம். பையன்கள் கேம் ஆடும்போது சோபாவில் உட்கார மாட்டார்கள், பாயைப் போட்டு நாலடியில் உட்காருவார்கள். நாலடியில் 43 அங்குல ஃபுல் ஹெச்டியின் புள்ளி நன்றாகவே தெரியும். கம்ப்யூட்டர் எழுத்து, கோடு, வரைபடம் எல்லாம் 4கேயில் அச்சடித்த மாதிரி இருக்கும். அவன் அதில் படிப்பு வேலையும் செய்கிறான் என்றால் அது உண்மையான பயன். ஆனால் தம்பியிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். அவன் லேப்டாப்பில் உள்ள ஹெச்டிஎம்ஐ 1.4ஆ, 2.0வா? 1.4 ஆக இருந்தால் 4கேயில் விநாடிக்கு 30 படம்தான் போகும், மவுஸே இழுத்து இழுத்து நகரும். இரண்டாவது, அந்த லேப்டாப்பின் கிராபிக்ஸ் கார்டு 4கேயில் கேமை ஓட்டுமா? சாதாரண மாணவர் லேப்டாப் ஓட்டாது. கடைசியில் ஃபுல் ஹெச்டிக்கு இறக்கித்தான் ஆடுவான். இந்த இரண்டுக்கும் அவன் நேர்மையாகப் பதில் சொன்னால் வீட்டில் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

மாமாவைப் பற்றித்தான் எனக்கு அதிக அக்கறை. கடையிலும் வீட்டிலும் நடந்த பேச்சில் அவர் எழுத்தைப் பற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை. ஓடும் எழுத்து படிக்க முடியவில்லை என்பதற்கு 4கே மருந்தல்ல. எழுத்து பெரிதாக வேண்டும், அவ்வளவுதான். 32இலிருந்து 43க்குப் போனால் எழுத்து மூன்றில் ஒரு பங்கு பெரிதாகும்; 55க்குப் போனால் ஒன்றே முக்கால் மடங்குக்கு வரும். ஒரு பைசா செலவில்லாத வழியும் இருக்கிறது: அவர் நாற்காலியை ஒன்பதடியிலிருந்து ஆறடிக்கு நகர்த்திப் போடுங்கள், எந்த டிவியாக இருந்தாலும் எழுத்து ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். கிட்டே உட்கார்ந்தால் கண் கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். டிவி வாங்குவதற்கு முன்னால் கண்ணையும் காட்டிவிடுங்கள். 74 வயதில் புரை விழுந்திருந்தால் எந்த டிவியும் மங்கலாகத்தான் தெரியும். ஆபரேஷன் முடித்து வந்த ஒரு பெரியவர் பழைய டிவியையே பார்த்து, புதிதாக வாங்கினீர்களா என்று கேட்டதை நேரில் கண்டிருக்கிறேன்.

அவருக்குச் சத்தமும் ஒரு சிரமமாக இருக்கும் என்று நினைக்கிறேன், நீங்கள் எழுதாவிட்டாலும். இன்றைய ஒல்லி டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்நோக்கி இருக்கிறது. பாட்டு கேட்கும், பேச்சு சுவரில் பட்டுக் கலங்கி வரும். வயதானவர்கள் சத்தத்தைக் கூட்டுவார்கள், வீட்டில் மற்றவர்கள் குறைப்பார்கள். சாலிடேர், டயனோரா காலத்து மரப்பெட்டி டிவியில் ஸ்பீக்கர் முகத்தைப் பார்த்து இருந்தது. வாய் அசைந்தால் வார்த்தை புரிந்தது. 5,000, 6,000 ரூபாயில் ஒரு சின்ன சவுண்ட்பார் வாங்கி டிவிக்கு அடியில் வைத்தால் பேச்சு மறுபடியும் நேராகக் காதுக்கு வரும். 43இல் ஃபுல் ஹெச்டிக்கும் 4கேக்கும் உள்ள வித்தியாசப் பணம் ஏறத்தாழ இதற்குச் சரியாகிவிடும்.

8கே பற்றிக் கவலைப்படாதீர்கள். ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஹெச்கே 2018 டிசம்பர் 1ஆம் தேதி 8கேக்கென்றே தனிச் சேனல் தொடங்கியது. நம் கேபிள் இன்னும் எஸ்டியையும் ஹெச்டியையும் கடக்கவில்லை. 55 அங்குலத்தில் 8கேயின் முழுப் பலனும் தெரிய இரண்டடிக்குள் மூக்கை வைத்து உட்கார வேண்டும். டிவி பழசாவது புள்ளியால் அல்ல. அதில் உள்ள ஆப் முதலில் நின்றுபோகும். அதற்கு, ஆப்களை ஓட்டும் ஸ்டிக் ஒன்றை வாங்கி ஹெச்டிஎம்ஐயில் சொருகிக்கொள்ளலாம். அடுத்து பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் விளக்கு, போகும். கடையிலிருந்து வரும்போது விவிட் என்ற மோடில், பேக்லைட் நூறில் ஓடும். டிவி மாட்ட வரும் பையன் அதை மாற்றாமல் போய்விடுவான். அவன் இருக்கும்போதே சினிமா அல்லது ஸ்டாண்டர்ட் மோடுக்கு மாற்றி, பேக்லைட்டை அறுபதுக்கு இறக்கிவிடுங்கள். என் கைக்கு வரும் பேக்லைட் கேஸ்களில் பெரும்பாலானவை நூறிலேயே ஓடியவை.

ஆக மூன்று டிவியில் நடுவில் உள்ளதை, 43 அங்குல 4கேயை, முதலில் ஒதுக்குங்கள். உங்கள் தூரத்தில், உங்கள் எஸ்டி பேக்கில், அதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் மகன் பாயில் உட்காரும் நேரத்துக்கு மட்டுமே பயன்படும். கூடுதலாகக் கொடுப்பதென்றால் அளவுக்குக் கொடுங்கள்: 55. அந்த அளவில் கடையில் பெரும்பாலும் 4கேதான் இருக்கும், அது கூடவே வந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நீங்கள் ஒதுக்கியதற்கு மேல் வேண்டியிருக்கும் 6,000 ரூபாய்க்காகத் தவணை போடவோ கைமாற்று வாங்கவோ வேண்டியிருந்தால் 55 வேண்டாம். 22,000 ரூபாய் ஃபுல் ஹெச்டி, ஹெச்டி பேக், ஹெச்டிஎம்ஐ கேபிள், ஒரு சவுண்ட்பார், இவ்வளவும் உங்கள் 35,000க்குள் அடங்கும். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் 18 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 55 எடுப்பதாக இருந்தால், செய்தித்தாள்களை ஒட்டி 122 சென்டிமீட்டர் அகலம், 69 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு தாள் தயாரித்துச் சுவரில் இரண்டு நாள் மாட்டி வையுங்கள். ஹாலுக்கு அது அடக்கமா, அடைசலா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஆனால் இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் இன்று ராத்திரி ஒரு வேலை இருக்கிறது. சத்தம் வருகிறது, படம் இல்லை என்றீர்களே, அந்தப் பழைய டிவியை ஓடவிட்டு, ஹாலில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரைக்கு வெகு அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். டார்ச் வெளிச்சம் படும் இடத்தில் மங்கலாக உருவம் அசைந்தால், பேனல் நன்றாக இருக்கிறது. பின்னால் உள்ள எல்இடி பட்டைதான் போயிருக்கிறது. பின்மூடியை மட்டும் நீங்களோ மகனோ கழற்ற வேண்டாம், உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். பக்கத்தில் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். 32 அங்குலத்துக்குப் பட்டை மாற்ற நான் 2,000லிருந்து 3,000 வரை வாங்குகிறேன்; உங்கள் ஊரிலும் அதையொட்டித்தான் இருக்கும். அது ஓடிவிட்டால் மாமாவின் அறையில் கட்டிலுக்கு ஐந்தடியில் மாட்டிக் கொடுங்கள், ஓடும் எழுத்தை அவர் நிம்மதியாகப் படிப்பார். ஹாலுக்குப் புது டிவி அப்புறம் அவசரமில்லை. 55க்குக் குறைகிற பணம் சேரும்வரை காத்திருக்கலாம்.